சுவருக்குப் பின்னால் பாருங்கள்: நீலகிரிக்கு ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மண் எடுக்கவும், பாறையைத் தட்டிப் பார்க்கவும், சரிவை அளக்கவும், மலைக்குள் எவ்வளவு கார்பன் கிடக்கிறது என்று கணக்குப் போடவும் நீலகிரிக்கு ஏறி வருகிற பொறியியல், மண்ணியல் ஆய்வாளர்களுக்கும், அவர்கள் கூட மூட்டை தூக்கி வருகிற மாணவத் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

நான் கோத்தகிரிப் பக்கம் கல்கட்டு வேலை செய்கிறவன். தடுப்புச்சுவர் கட்டுவதுதான் முப்பது வருஷப் பிழைப்பு. முதலில் சித்தாள், அப்புறம் கொத்தனார், அப்புறம் மேஸ்திரி, இப்போது சின்ன ஒப்பந்தக்காரன். அப்பாவும் அம்மாவும் சிலோனிலிருந்து வந்தவர்கள், 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின்படி. ஆகவே எங்கள் வீட்டில் ஒப்பந்தம் என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. இரண்டிலும் சொன்னபடி எல்லாம் கைக்கு வந்ததில்லை.

உங்களுக்கு எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒன்றே ஒன்று சொல்வேன். உங்களில் ஒரு குழுவுக்கு இரண்டு நாள் ஆகர், அதாவது மண்ணைத் துளைத்தெடுக்கும் கருவி, தூக்கியிருக்கிறேன்.

ஏழெட்டு வருஷம் இருக்கும். ஊட்டிக்கு மேற்கே ஒரு சதுப்புப் பள்ளம். ஒரு பேராசிரியர், நாலு மாணவர்கள், ஒரு ஜீப். சுமை தூக்க இரண்டு ஆள் வேண்டுமென்று கேட்டார்கள். வேலை இல்லாத மழைக்காலம், போனேன். ஆகரைச் செங்குத்தாக நிறுத்தி, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி இறக்க வேண்டும். முதல் அரையடி புல் வேர், பின்னிக்கொண்டு வரும். அதற்குக் கீழே வந்த மண்ணை நான் அதுவரை பார்த்ததில்லை. முப்பது வருஷம் மண் வெட்டியவன் சொல்கிறேன். அடுப்புக்கரியை வெண்ணெயில் போட்டுப் பிசைந்தால் எப்படி இருக்கும், அப்படி. விரலில் தேய்த்தால் மணல் நெருடல் இல்லை, வழுக்குகிறது. பழைய கிணற்றுத் தூர் வாடை. ஒரு ஆள் உயரம் வரை அந்தக் கறுப்புதான். அதற்கும் கீழே போனபோது சாம்பல் நிறக் களி வந்தது. ‘போதும், அடி வந்தாச்சு’ என்றார் பேராசிரியர்.

கூட வந்த ஒரு பெண், எங்கள் பிள்ளை வயசு இருக்கும், ஒவ்வொரு துண்டையும் அலுமினியத் தாளில் சுற்றி மார்க்கரால் எண் போட்டுக்கொண்டிருந்தது. ‘இதுல என்னம்மா பார்ப்பீங்க?’ என்று கேட்டேன். சேற்றுக் கையோடு உட்கார்ந்து கால் மணி நேரம் சொன்னது. செத்த புல்லும் இலையும் தண்ணீருக்குள் காற்றுப் படாமல் கிடந்தால் மட்காதாம். வருஷா வருஷம் மேலே சேர்ந்துகொண்டே போகுமாம். அடித்துண்டு பல்லாயிரம் வருஷத்துக்கு முந்தைய புல்லாக இருக்கலாமாம். எனக்குக் கிடைத்த கல்லூரி வகுப்பு அது ஒன்றுதான். கிளம்பும்போது, ‘ரிசல்ட் வந்ததும் உங்களுக்கும் சொல்றோம்ணே’ என்றது.

வரவில்லை. அந்தப் பெண்ணைக் குறை சொல்லவில்லை. திட்டக் காசு தீர்ந்திருக்கும், படிப்பு முடிந்திருக்கும், கல்யாணம் ஆகியிருக்கும். ஆனால் அந்தக் கறுப்பு மண் என் தலைக்குள்ளேயே இருந்தது. கடைசியில் என் தங்கை மகன், கோவையில் சிவில் படிப்பவன், உங்கள் கட்டுரைகளைத் தேடி எடுத்து எனக்குப் படித்துக் காட்டினான். அதில்தான் தெரிந்தது, 1993-லேயே நீலகிரிச் சதுப்பு மண்ணை வைத்து சுகுமார், ரமேஷ் முதலிய விஞ்ஞானிகள் ‘நேச்சர்’ இதழில் எழுதியிருக்கிறார்கள் என்று. மரங்களும் வெயில்காலப் புற்களும் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் விதம் வேறு வேறு, அந்த வித்தியாசம் செத்துப் புதைந்த பிறகும் மண்ணில் மாறாமல் நிற்கிறது, அதை வைத்து எந்தக் காலத்தில் மழை, எந்தக் காலத்தில் வறட்சி என்று சொல்லலாம் என்கிறார்கள். இருபதாயிரம் வருஷம் வரை பின்னால் போயிருக்கிறார்கள். 11,000 வருஷத்துக்கு முன்னால் நல்ல மழை. 5,000-லிருந்து 2,000 வரை மறுபடி வறட்சி.

இதை எனக்கு யாராவது முன்பே சொல்லியிருந்தால், எத்தனையோ சதுப்பில் ஜேசிபி இறங்க வாய்க்கால் வெட்டிக் கொடுத்திருக்க மாட்டேன். தண்ணீரை வடியவிட்டால் காற்றுப் படும், பட்டால் மட்கும், மட்கினால் அத்தனையும் கரியமில வாயுவாய்ப் போகும். பல்லாயிரம் வருஷச் சேமிப்பைக் கேரட் போட ஒரு கோடையில் திறந்துவிடுகிறோம். இது தெரியாமல் செய்தது. தெரிந்தவர்கள் இங்கிலீஷில் எழுதி வைத்துவிட்டார்கள்.

கார்பனைப் பிடித்துவைப்பது என்றாலே மரம் நடுவது என்று ஊரில் நினைக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லித் தருகிறார்கள், மரம் நடும் விழா என்றால் மந்திரியும் வருவார். இந்த மலையில் அது சரிப்படாது என்று சொல்ல உங்களிடமே ஆதாரம் இருக்கிறது. கிளென்மார்கனில் ஊட்டி மண்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தார் பக்கத்துப் பக்கத்து நீர்ப்பிடிப்பு இரண்டை எடுத்து, ஒன்றைப் புல்லும் சோலையுமாக விட்டுவிட்டு, இன்னொன்றில் 1972-ல் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நட்டு, ஓடை நீரை வருஷக்கணக்காக அளந்தார்கள். முதல் பத்து வருஷச் சுற்றில் தண்ணீர் 16 சதவீதம் குறைந்தது. வெட்டித் தழையவிட்ட இரண்டாம் சுற்றில் 25 சதவீதம். பைக்காராவிலும் குந்தாவிலும் அணை கட்டி மின்சாரம் எடுக்கிற மாவட்டத்தில் இது சின்ன எண் இல்லை. மரம் மேலே சேர்க்கும் கார்பன் கண்ணுக்குத் தெரியும், புல் கீழே வைத்திருப்பது தெரியாது. தெரியாததை அளந்து காட்டத்தானே நீங்கள் இருக்கிறீர்கள்.

சரி, சதுப்பைப் பற்றிப் பேச என்னைவிட ஆட்கள் உண்டு. எனக்குத் தெரிந்தது சுவர். அதற்கு வருகிறேன்.

மலையில் சாலை என்றால் ஒரு பக்கம் வெட்டு, மறுபக்கம் கொட்டு. வெட்டிய பக்கம் மேலிருந்து விழும், கொட்டிய பக்கம் கீழே வழியும். இரண்டையும் நிறுத்தத்தான் தடுப்புச்சுவர். நீங்கள் இதை மண்ணின் கனத்தைத் தாங்குகிற சுவர் என்று படித்திருப்பீர்கள். வேலையில் தெரிவது வேறு. மண் மெல்லத் தள்ளும், நின்றுவிடும். தண்ணீர் நிற்காது. மூன்று மீட்டர் உயரச் சுவருக்குப் பின்னால் மண் முழுக்க ஊறித் தண்ணீர் தேங்கிவிட்டால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் தண்ணீர் மட்டும் தனியாக நாலரை டன் தள்ளும். மண்ணின் தள்ளு அதற்கு மேல். மருமகன் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது, எத்தனை சுவருக்குக் கீழே வீடு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன்.

அதனால்தான் சுவரில் வீப் ஹோல், அதாவது தண்ணீர் வெளியேறத் துளை, விடுகிறோம். கருங்கல் கட்டுக்கு நடுவே, சாலையில் போகும்போது பார்ப்பீர்களே, வரிசையாக பிவிசி குழாய் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். எஸ்டிமேட்டில் அதற்குப் பின்னால் ஓரடி கனத்துக்கு ஜல்லி நிரப்ப வேண்டும் என்றும் இருக்கும். ஜல்லி இருந்தால் தண்ணீர் அதன் வழியே இறங்கிக் குழாய்க்கு வரும். ஜல்லி இல்லாமல் வெட்டிய மண்ணையே திருப்பிக் கொட்டினால், நம்ம ஊர்ச் செம்மண் களி குழாய் வாயை ஒரே மழையில் அடைத்துவிடும். வெளியே மூக்கு இருக்கும், மூச்சு இருக்காது.

நான் அப்படி ஒரு சுவர் கட்டியவன்.

ஒரு கிராமத்துப் பாதைக்குக் கீழே, பத்து மீட்டர் நீளம், மூன்று மீட்டர் உயரம். அப்போது நான் வேறொருவரிடம் மேஸ்திரி. ஜல்லி எங்கே என்று கேட்டேன். ‘பின்னால யாரு தோண்டிப் பார்க்கப் போறா? மண்ணைத் தள்ளு’ என்றார். தள்ளினேன். கூலி வாங்கிக்கொண்டேன். அளந்து எழுத வந்தவர் சுவரின் முகத்தை அளந்தார், முதுகை யாரும் அளக்கவில்லை. ஒரு மழைக்காலம் முடிந்து அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். மேலே தோட்டத்தில் தண்ணீர் சதக் சதக் என்கிறது, கீழே பன்னிரண்டு குழாயும் காய்ந்து கிடக்கின்றன. சுவரின் நடுவில் கொஞ்சம் தொப்பை. கையை வைத்துப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. மழைக்காலத்தில் சொட்டுகிற குழாயைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம், சொட்டாத குழாயைப் பார்த்துப் பயப்படுங்கள். இதை எந்தப் புத்தகத்திலாவது எழுதியிருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள ஆசை.

2009 நவம்பர் வந்தது. அந்த 10-ஆம் தேதிக் கணக்கில் கேத்தியில் மட்டும் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை. மாவட்டம் முழுக்க நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் மண்ணுக்குள் போனார்கள். எங்கள் சுவர் அந்த மழையில் எப்போது போனது என்று யாருக்கும் தெரியவில்லை. கீழே இருந்தது கேரட் தோட்டம், ஆள் இல்லை. அது என் புண்ணியம் இல்லை, அந்த இடத்தின் புண்ணியம். அதே இடத்தில் மறுபடி நான்தான் கட்டினேன். மறுபடியும் ஜல்லிக்குப் பதில் மண்தான். வெட்கத்தோடுதான் சொல்கிறேன். நாலு வருஷத்தில் அதுவும் தொப்பை போட்டு உட்கார்ந்துவிட்டது. மூன்றாவது தடவை என் சொந்த ஒப்பந்தம். ஓரடிக்கு ஜல்லி போட்டேன், அடியில் ஓட்டை போட்ட குழாயைப் படுக்க வைத்தேன். இன்றைக்கும் நிற்கிறது. ஐப்பசியில் போனால் பன்னிரண்டு குழாயும் ஒழுகுகிற சத்தம் கேட்கும்.

இப்போது உங்கள் கணக்குக்கு வாருங்கள்.

கார்பன் குறைந்த சிமென்ட் என்று நீங்கள் நிறைய உழைத்திருக்கிறீர்கள். மதிப்பு தெரியாமல் பேசவில்லை. சிமென்டில் புகை எங்கிருந்து வருகிறது என்பதே எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் விளங்கியது. சூளை எரிக்கிற நிலக்கரிதான் காரணம் என்று நினைத்திருந்தேன். அதைவிடப் பெரிய பங்கு கல்லுக்குள்ளேயே இருக்கிறது. நூறு கிலோ சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடும், 56 கிலோதான் சுண்ணாம்பாக மிஞ்சும். சூரிய ஒளியில் சுட்டாலும் இந்த 44 போகத்தான் போகும். இப்படிச் சுட்டு வருகிற கட்டிக்குக் கிளிங்கர் என்று பெயர், அதை அரைத்தால்தான் சிமென்ட். ஆகவே கிளிங்கரைக் குறைப்பதுதான் வழி. சென்னை ஐஐடி உட்பட இந்திய ஐஐடிகளும் சுவிட்சர்லாந்துக்காரர்களும் சேர்ந்து ஆராய்ந்த எல்சி3 சிமென்டில் கிளிங்கர் பாதிதான். மீதியில் பெரும்பகுதி சுட்ட களிமண், கொஞ்சம் அரைத்த சுண்ணாம்புக்கல், கொஞ்சம் ஜிப்சம். கிளிங்கருக்கு 1,450 டிகிரி வேண்டும், களிமண்ணுக்கு 800 டிகிரி சுமாருக்குப் போதும். புகை 30 முதல் 40 சதவீதம் குறைகிறது. கேட்டபோது சிரிப்பு வந்தது. சுட்ட களிமண் என்றால் சுர்க்கி, அந்தக் காலத்துச் செங்கல் பொடி. 1895-ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்ததுதானே. தாத்தா கைப்பழக்கத்தைப் பேரன் ஆய்வகத்தில் நிரூபித்திருக்கிறான், சந்தோஷம்.

ஆனால் என் சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து மீட்டர், மூன்று மீட்டர், சராசரி கனம் நாலடி. கருங்கல் கட்டில் சாந்து மூன்றில் ஒரு பங்கு போகும். கைக்கணக்கில் அறுபது மூட்டை சிமென்ட், அதாவது மூன்று டன். சாதாரண சிமென்ட் ஒரு டன்னுக்கு முக்கால் டன் கரியமில வாயு என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் ஒரு சுவருக்கு இரண்டே கால் டன். எல்சி3 போட்டிருந்தால் அதில் முக்கால் டன் போல மிச்சம். நல்லது. ஆனால் அந்த இடத்தில் நாங்கள் சுவரை மூன்று தடவை கட்டினோம். விழுந்த இரண்டில் நாலரை டன் வீண். இரண்டாம் தடவையும் மூன்றாம் தடவையும் சிமென்டும் மணலும் மேட்டுப்பாளையத்திலிருந்து லாரியில் முனகிக்கொண்டு ஏறி வந்த டீசல் தனி. விழுந்த மண் ஓடை வழியாகப் போய் அணையில் வண்டலானது தனி. இத்தனையையும் தடுத்திருக்கக்கூடியது என்ன? ஓரடி கனத்துக்கு மூன்று யூனிட் (முந்நூறு கன அடி) ஜல்லி.

சாலை, சுவர், பாலம் இவற்றின் கார்பன் கணக்கை நீங்கள் போடும்போது மூட்டை எண்ணிக்கையோடு நிறுத்திவிடுகிறீர்கள் என்பதுதான் என் மனக்குறை. எத்தனை தடவை கட்டினோம் என்பதை எந்தப் பட்டியலிலும் நான் காணவில்லை. மருமகனிடமும் கேட்டேன், கட்டடத்தின் ஆயுள் ஐம்பது வருஷம், நூறு வருஷம் என்று வைத்துக்கொண்டுதான் கணக்கு என்கிறான். நாலு வருஷத்தில் உட்கார்ந்த சுவரின் சொந்தக்காரன் நான். எனக்கு அந்த ஐம்பது எங்கிருந்து வருகிறது? விழுந்த சுவர்களுக்கு ஒரு பதிவேடு போடுங்கள். எந்த இடம், எந்த வருஷம் கட்டியது, எப்போது விழுந்தது, இடிபாட்டைத் தோண்டினால் ஜல்லி இருந்ததா, குழாய்க்குள் என்ன இருந்தது. நின்ற சுவரைப் படம் பிடிக்க எல்லோரும் வருகிறார்கள். விழுந்த சுவரை ஜேசிபி அள்ளுவதற்கு முன்னால் பார்க்க ஒருவரும் வருவதில்லை. உண்மை அந்த ஒரு நாள்தான் வெளியே கிடக்கும்.

குளிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தரநிலைப்படி நீங்கள் கான்கிரீட் கட்டியை 27 டிகிரித் தண்ணீரில் ஊறப்போட்டு, 28-ஆம் நாள் நசுக்கிப் பார்க்கிறீர்கள். தை மாசம் ஊட்டிப் பள்ளத்தில் விடியற்காலம் புல் மேல் உறைபனி வெள்ளையாய்ப் படிந்திருக்கும். அந்த நாளில் காலையில் வைத்த சாந்து சாயங்காலம் விரல் பட்டால் பதிகிறது. அனல் மின்நிலையச் சாம்பல் கலந்த சிமென்ட் குளிரில் இன்னும் மெதுவாகத்தான் இறுகும் என்பது உங்கள் பாடத்திலேயே இருக்கிறது. இருந்தும் சமவெளிக் கணக்கில் நாள் எண்ணிப் பின்னால் மண்ணை நிரப்பச் சொல்கிறார்கள். புது சிமென்ட் எதுவானாலும், ஊட்டியில் ஒரு தொட்டி வைத்து, ஊட்டித் தண்ணீரில், ஊட்டிக் குளிரில் ஊறப்போட்டு, 28 நாள், 56 நாள், 90 நாள் என்று நசுக்கிப் பார்த்து ஒரு பட்டியல் கொடுங்கள். ஒரு பக்கப் பட்டியல் போதும், சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன்.

இன்னொரு யோசனை இருக்கிறது. படிக்காதவன் யோசனை, தப்பென்றால் சிரித்துவிட்டு விடுங்கள். சுண்ணாம்புச் சாந்து காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துத்தான் மறுபடி கல்லாகிறது. சிமென்டும் மெல்ல மெல்ல அப்படி எடுக்கும். கான்கிரீட்டில் இதை நீங்கள் நோய் என்கிறீர்கள், ஏனென்றால் காரத்தன்மை குறைந்து உள்ளே கம்பி துருப்பிடிக்கும். ஆனால் கருங்கல் தடுப்புச்சுவரில் கம்பியே கிடையாதே! தன் கனத்தாலேயே நிற்கிற சுவர் அது. கரியமில வாயுவை உள்ளே ஏற்றி இறுக வைக்கிற சாந்து, கான்கிரீட் கட்டி என்று ஆய்வகங்களில் செய்து பார்க்கிறீர்கள். கம்பி துருப்பிடிக்கும் பயமே இல்லாத கட்டுமானம் இந்த மலையில் சாலைக்குச் சாலை நிற்கிறது. முதலில் இங்கே அல்லவா அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும்?

ஐஸ்லாந்தில் வாயுவைத் தண்ணீரில் கரைத்துப் பாறைக்குள் இறக்கி இரண்டு வருஷத்துக்குள் கல்லாக்கிவிட்டார்கள் என்றும் மருமகன் காட்டினான். அது எரிமலைக் கருங்கல், பசால்ட். துளையும் வெடிப்பும் உள்ள பாறை, வாயுவைப் பிடித்துக்கொள்ளும் கால்சியமும் மெக்னீசியமும் அதில் இருக்கிறது. நம் மலை சார்னோக்கைட் என்கிற கெட்டிப் பாறை. உளி போட்டவனுக்குத் தெரியும், அதில் ஈ நுழைய இடமில்லை. ஆகவே அந்தக் கனவு இங்கே வேண்டாம். இங்கே கிடங்கு புல்லுக்கடியில் ஏற்கெனவே இருக்கிறது, வாடகைகூடக் கேட்பதில்லை.

வெளிநாட்டிலிருந்து வந்த சீகை (வாட்டில்) மரம் வெட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. அந்நியச் செடிகளை அகற்றுவதற்கு 2022-ல் தமிழக அரசு கொள்கையே வெளியிட்டது, நல்ல காரியம். வெட்டிய சீகை அடுப்புக்குப் போனால், காய்ந்த கட்டையில் பாதி எடை கார்பன், அத்தனையும் மறுபடி வானத்துக்கு. காற்றுப் படாமல் கரியாக்கி மண்ணில் போட்டால் ஒரு பங்காவது நூறு வருஷக் கணக்கில் தங்கும் என்கிறீர்கள். தேயிலைக்குப் போடச் சொல்லும் முன் ஒரு விஷயம். கரி மண்ணின் புளிப்பைக் குறைக்கும், தேயிலைக்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும். எவ்வளவு போடலாம் என்று இங்கே பாத்தி போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.

சாலையோரச் சரிவில் இரும்புக் கம்பியை ஆணி மாதிரி அடித்து, வலை போர்த்தி, புல் விதை கலந்த கூழைப் பீச்சுகிறார்கள். எனக்குப் பிடித்திருக்கிறது, சிமென்ட் குறைவு. ஆனால் அந்தக் கூழில் இருப்பது எந்த ஊர்ப் புல்? கற்பூர மரத்தையும் சீகையையும் இப்படித்தான் நல்லதென்று ஒருகாலத்தில் கொண்டுவந்தார்கள். நம் மலைப் புல்லின் விதையைச் சேகரித்து, எது சரிவில் வேர் பிடிக்கும் என்று யாராவது இரண்டு வருஷம் உட்கார்ந்து பார்த்தால், இருபதாயிரம் வருஷமாக இங்கே இருக்கும் ஆளுக்கே வேலை கொடுத்ததாக ஆகும்.

மலைக்கு ஏற்றபடி வேலை செய்தவர்கள் இங்கே இல்லாமல் இல்லை. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தொரையில் விஞ்ஞானி கோவிந்த் ஸ்வரூப் 1970-ல் அமைத்த ரேடியோ தொலைநோக்கியைப் போய்ப் பாருங்கள். 530 மீட்டர் நீளம். ஊட்டி நிற்பது 11 டிகிரி அட்சரேகை. அதே 11 டிகிரி சரிவு இயற்கையாக இருக்கிற மலையைத் தேடிப் பிடித்து, தெற்கு வடக்காக அதன் மேல் படுக்க வைத்தார்கள். அதனால் பூமி சுற்றும் அச்சுக்கு அது தானாகவே இணையாகிவிட்டது, ஒரே அச்சில் திருப்பினால் ஒரு நட்சத்திரத்தை மணிக்கணக்காகப் பின்தொடரலாம். எனக்கு வானம் தெரியாது. ஆனால் சரிவைத் திருத்தாமல் சரிவைத் தேடிப் போன அந்தப் புத்தி பிடித்திருக்கிறது. 1899-ல் குன்னூர் வரை வந்த மலை ரயிலும் அப்படித்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரைக்கும் 46 கிலோமீட்டருக்கு 250 பாலம். இருநூறு மீட்டருக்குள் ஒன்று. பெரும்பாலும் தண்ணீர் போக விட்ட வழி. அப்படியும் மழைக்காலத்தில் தண்டவாளத்தில் மண் விழுகிறது, ரயில் நிற்கிறது. இப்போது போடுகிற சாலைகளில் சிறுபாலத்தை எண்ணிப் பாருங்கள், உங்களுக்கே புரியும்.

கேட்பது அதிகம் இல்லை. மண் எடுத்த ஊருக்கு முடிவைத் தமிழில் ஒரு தாளில் அனுப்புங்கள். ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டினாலும் சரி, டீக்கடையில் கொடுத்தாலும் சரி, படிப்போம். எங்களுக்கும் கேள்வி இருக்கும். பத்துச் சுவருக்குப் பின்னால் ஓட்டைக் குழாய் ஒன்றை நிறுத்தித் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள், பீசோமீட்டர் என்பீர்களே, அதுதான். நூலில் கல்லைக் கட்டி இறக்கிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளே தினமும் அளந்து எழுதிவிடும். எஸ்டிமேட் போடுகிறவர்களுக்கும் பில் எழுதுகிறவர்களுக்கும் நீங்கள் சொன்னால் ஏறும், மேஸ்திரி சொன்னால் ஏறாது. முகத்தை மூடுவதற்கு முன் முதுகைப் படம் எடுத்துவைக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். என்னைப் போன்றவனுக்கு அந்த ஒரு வரி இருந்திருந்தால், ‘மண்ணைத் தள்ளு’ என்றவரிடம் ‘படம் கேட்பாங்கண்ணே’ என்று சொல்லியிருப்பேன்.

கோத்தகிரியிலிருந்து கீழே இறங்கும் ஒரு கிளைச் சாலையில் அடுத்த மாதம் ஒரு சுவர் தொடங்குகிறேன். பதினெட்டு மீட்டர். குழாய் நிறுத்த இரண்டு இடம் விட்டு வைக்கிறேன், சாந்துக் கட்டி எடுக்கவும் தடை இல்லை. யார் வந்தாலும் ஆகர் தூக்க நான் தயார், இந்தத் தடவை கூலி வேண்டாம். கைப்பிடியில் சுற்றப் பழந்துணி மட்டும் கொண்டுவாருங்கள். போன தடவை இரண்டு உள்ளங்கையும் உரிந்துபோய், ஒரு வாரம் கரண்டி பிடிக்க முடியவில்லை.

இப்படிக்கு,
கல்கட்டு மேஸ்திரி ஒருவர்,
கோத்தகிரி வட்டம், நீலகிரி